வியாழக்கிழமை வகுப்பு

"மூணு மாசமா வியாழக்கிழமை கிளாஸ் எண்டு போறாள். கொப்பியில ஒரு எழுத்தும் இல்ல. எவனோட சுத்துறாள் உன்ட மகள்?"

ஸெய்னுதீன் கொப்பியை மனைவி ஸல்ஹாவின் முன்னால் எறிந்தார். "இண்டைக்குப் போய்ப் பார்ப்பம். கிளாஸ் இல்லையெண்டால் இண்டையோட ஏ.எல். படிப்பும் இல்ல."

இருவரும் மோட்டார் சைக்கிளில் உப்புவெளி டியூஷன் வகுப்புக்குப் போனார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே சத்தமே இல்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற இடம், நீங்க நில்லுங்க" என்று ஸல்ஹா மட்டும் போய்க் கதவைத் தள்ளினாள்.

இருபது பிள்ளைகளும் மேசையில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள் மகள் சனூஸா, வாயைத் திறந்தபடி.

நிரோஜினி டீச்சர் எழுந்து வந்து மெல்லச் சொன்னார்: "போன வருஷம் ஒரு பிள்ளை சோதினை எழுதின இடத்தில மயங்கி விழுந்தது. ஓய்வெண்டால் நீங்கள் ஒருத்தரும் விடமாட்டீங்கள். அதுதான் கிளாஸ் எண்டு பேர் வச்சனான்."

ஸல்ஹா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள்.

"என்ன, கிளாஸ் நடக்குதா?" ஸெய்னுதீனின் விரல் ஹோர்னில் இருந்தது.

"ஓம். கொப்பியில எழுதுற பாடமில்ல. ஹோர்னை அடிச்சுக் குழப்பிப்போடாதீங்க."