போயிட்டு வர்றேன்

ஒரு கண்ணுக்குள்ளே, மெல்லிய ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கை என்று ஒருத்தி இருந்தாள். ரத்தத்தோடு ஓடுகிற வெள்ளையணுக்களைக் கைபிடித்து நிறுத்தி, சுவர் இடுக்கு வழியாக உள்ளே அனுப்புவதுதான் அவள் வேலை. எதிரி வருகிறான் என்று பக்கத்திலிருந்த காவல்காரர் குரல் கொடுத்தால் போதும், ஓடுகிற ஒருவரையும் நிறுத்தாமல் விடமாட்டாள். காவல்காரர் தங்கமான மனுஷர். காதுதான் கொஞ்சம் மந்தம்.

ஒருநாள் வேப்பம்பூ மகரந்தம் ஒன்று காற்றில் பறந்து வந்து அந்தக் கண்ணில் விழுந்தது. "மன்னிக்கணும், வழி தப்பிட்டேன்" என்று உடனே ஒரு சொட்டுக் கண்ணீரில் ஏறிக் கிளம்பியது. கிளம்பும்போது மரியாதையாக, "போயிட்டு வர்றேன்" என்றது.

காவல்காரர் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது.

"வர்றானாம், வர்றானாம்" என்று கத்தினார்.

ஒட்டிக்கை பரபரவென்று கைகளை நீட்டினாள். "அண்ணே வாங்க. தம்பி, நீயும் வாப்பா." கூட்டம் நெரிந்தது. கண் சிவந்தது. இமை பணியாரமாக உப்பியது.

"யாரும்மா வந்தது?" என்றார் ஒரு வெள்ளையணு.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "போயிட்டான் போலிருக்குண்ணே. தப்பா நெனைக்காதீங்க, நம்ம காவல்காரர் பயந்த சுபாவம்."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகக் கிளம்ப, சிவப்பும் மெல்ல இறங்கியது. கடைசியாகப் போனவர் காவல்காரரைப் பார்த்து அன்பாகத் தலையாட்டினார்.

"அப்போ போயிட்டு வர்றோம்."

காவல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரைத் தடுக்க ஒட்டிக்கை வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கைகள் தாமாகவே நீண்டுவிட்டன.