புது சுவிட்ச்

ராஜபாளையத்து ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் மின்சார வேனின் மீது பொட்டுப் பொட்டாக விழுந்து கிடக்கிறது. திறந்த முகப்புக்குள் குனிந்திருக்கும் மெக்கானிக் எபனேசரின் விரல்களை விட்டுச் சிவரஞ்சனியின் கண் நகரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பூ ஏற்றிப்போகும் அவளுடைய வண்டி. ஏசி நின்றதில் நேற்றைய மல்லிகை அத்தனையும் கருகிவிட்டது. ஏசியின் பிரஷர் சுவிட்ச் போய்விட்டது என்கிறார் அவர்.

“போன மாசந்தானே எங்கிட்டக் காசு வாங்கிட்டுப் போயி மாத்திட்டு வந்தான் தம்பி. அதுக்குள்ள எப்பிடிண்ணே போகும்?”

“கழட்டுனாத் தெரிஞ்சிரும். புதுசக் குடுங்க.”

“மொதல்ல பழசக் காட்டுங்க.” புது சுவிட்ச் அவள் கைக்குள் வியர்வையில் நனைகிறது. வண்டி ஓட்டும் தம்பி ராம்கி அவள் முதுகுக்குப் பின்னால் செல்போனில் வீடியோ ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஸ்பேனர் கிறீச்சிடுகிறது. கழன்று வந்ததை எபனேசர் துணியால் துடைக்கப் போகிறார்.

“தொடைக்காதீங்க!” வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். சுவிட்சின் பள்ளத்தில் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் கறுத்துப்போன குங்குமம். ஆறு மாதத்துக்கு முன், ஆயுத பூஜையன்று, கண்ணில் பட்ட பாகத்துக்கெல்லாம் அவள் விரலாலேயே வைத்த பொட்டு.

“வண்டியோட வந்த சுவிட்சும்மா இது,” என்கிறார் எபனேசர். “யாரும் இதத் தொடவே இல்ல.”

பின்னால் செல்போன் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் புது சுவிட்சை எபனேசரிடம் கொடுக்கிறாள். காலியான அதே கையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுகிறாள்.

“சாவியக் குடுலே.”