பதினோராவது படி

"என்ன, என் சக்களத்தியப் பாத்துட்டு வந்தாச்சா?"

"ஆச்சு. ஏழு படி தெரியுது" என்றபடி நோட்டைத் திறந்தார் ஓய்வுபெற்ற போஸ்ட்மேன்.

அவர் மனைவி சக்களத்தி என்று சொல்வது ஊர் ஏரியை. முப்பது வருடமாக, விடிந்ததும் போய், பழைய கல் படித்துறையில் தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணி எழுதுகிறவர் அவர். காய்ச்சலானாலும் சரி, மகள் கல்யாணமானாலும் சரி, லீவு கிடையாது.

இன்று பத்து மணிக்கு அந்த நோட்டைப் பார்க்க அதிகாரி வருகிறார். முப்பது வருடக் கணக்கும் விடாமல் இருந்தால் ஏரியைப் பாதுகாக்க வேண்டிய இடமாக அறிவித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் படித்துறையை இடித்துவிட்டு ரோடு போடுவார்கள்.

"அந்த ரெண்டு மாசம்தான் காலியா கிடக்கு" என்று பெருமூச்சு விட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அதே படியில் வழுக்கி, காலை உடைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதம்.

"ஏதாவது நம்பரப் போடுங்க. ஏரி வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

"பொய் எழுதமாட்டேன். அப்ப நீயாவது ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கலாம்."

"நானா? உங்க காலை உடைச்சவ பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிட்டேனே!"

"ஆமா, ஆஸ்பத்திரியில கிடந்த எனக்கே ஒரு நாளாவது முதல் பஸ்ல சாப்பாடு வந்துச்சா? தினமும் ரெண்டாவது பஸ்தான். உன்கிட்டப் போய்ச் சொல்றேன் பாரு! சரி, அதிகாரி வர்றாரு, அடுப்படிக் கதவுல இருக்கிற அந்தப் பழைய காலண்டரையாவது கழட்டு. ஆறு வருஷமாத் தொங்குது."

"அந்தப் பனிமலைப் படம் எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர் காலிப் பக்கத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"படித்துறைய இடிச்சுட்டா, நான் காலையில எங்க போவேன்?" என்றபோது குரல் உடைந்துவிட்டது.

அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனாள். காலண்டரைக் கழற்றி வந்து, பனிமலைக்கு அடியிலிருந்த தாள்களைப் புரட்டி, நோட்டின் மேல் பொத்தென்று போட்டாள்.

இரண்டு மாதம். ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலில் ஓர் எண். ஒன்பது, ஒன்பது, பத்து... கடைசியாகப் பதினொன்று. அவசரமாக நோட்டைப் புரட்டினார். மறுநாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவரே எழுதிய எண்ணும் பதினொன்றுதான்.

"அப்ப... தினமும் முதல் பஸ்ஸ விட்டது..." அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஏம்மா, இத்தனை வருஷமாச் சொல்லவே இல்ல?"

"எங்க சொல்லவிட்டீங்க? நீங்க வர்ற அன்னைக்கு இதைக் காட்டணும்னு கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறேன். நீங்க ஆட்டோவ நேரா அவ வீட்டுக்குல்ல விடச் சொன்னீங்க!"