வெனிலா வாசனைச் சுங்கான்

அருமைநாயகத்தின் மேசையில் புகைபிடிக்கும் சுங்கான்கள் இரண்டு இருந்தன. கறுப்புச் சுங்கானில் கைக்குக் கிடைத்த புகையிலையை எல்லாம் அடைத்துப் புகைப்பார். சிவப்புக்கு வெனிலா வாசனைப் புகையிலை மட்டும்தான். அந்த வாசனை என்றால்தான் அவர் மனைவி ரூபி முகம் சுளிக்காமல் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"என் வாயில் வேறு புகையிலை பட்டதே கிடையாது, தெரியுமா?" என்று சிவப்பு பீற்றிக்கொள்ளும்.

"உனக்கென்ன, கொடுத்துவைத்த பிறவி" என்று கறுப்பு இருமும்.

ரூபி இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவர் சிவப்பைத் தொடவே இல்லை. அதன் காம்பில் தூசி படிந்தது.

"எந்தக் கண்றாவிப் புகையிலையானாலும் சரி, என்னையும் ஒரு தடவை பற்றவைத்தால் போதும்" என்று அது கறுப்பிடம் புலம்பித் தீர்த்தது.

ஒருநாள் கறுப்பு கைதவறி விழுந்து உடைந்தது. வேறு வழியில்லாமல் அவர் சிவப்பை எடுத்தார். சிவப்புக்கு உயிர் வந்தது. காரப் புகையிலையைக் கிள்ளி அடைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அதன் வாயை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கேயாடி இருக்கே?"

புகையிலை பைக்குள் திரும்பிப் போனது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சிவப்பை எடுத்து மோந்து பார்ப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் வாசனை கொஞ்சம் குறைவது சிவப்புக்கு மட்டும்தான் தெரிந்தது.

"மெதுவா இழுங்க ஐயா, நாளைக்கும் வேணும்" என்று அது கெஞ்சியது.

அவர் நெஞ்சு நிறைய இழுத்தார்.