ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை

"இருபத்தெட்டு நாள்ல ஒருநாள்கூடத் தப்பலையா? நம்பவே முடியலையே வேதாந்தம்" என்றார், டெல்லியிலிருந்து வந்திருந்த மேலதிகாரி கருணாகரன்.

"எனக்கே நம்ப முடியலை சார்" என்ற வேதாந்தத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அது எழுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மாதம். அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் மேகம் எவ்வளவுக்கெவ்வளவு வெளுப்போ அவ்வளவுக்கவ்வளவு மழை என்பது வேதாந்தத்தின் கணக்கு. படத்தைப் பார்த்தே தி.நகரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எழுதிவிடுவார். அது சரிதானா என்று பார்க்க ரங்கநாதன் தெருப் பாத்திரக்கடை மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி பொன்ராஜ் தினமும் அளவை எழுதி வானிலை ஆபீசுக்குக் கார்டு போடுவார். இவர் பதினேழு என்றால் அவரும் பதினேழு.

கருணாகரன் இன்று கையெழுத்துப் போட்டால் வேதாந்தம் அமெரிக்கா போகலாம். ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது. ஆத்தில் அதைப் போட்டுப் பார்த்து, வியர்த்து வழிந்து, திருப்தியாகக் கழற்றியும் வைத்துவிட்டார்.

கடைக்குப் போய், அண்ணாச்சியோடு மூவரும் மாடி ஏறினார்கள். மழைமானி பளபளவென்று இருந்தது.

"பெரியவுக வாராகன்னு காலைலதான் புளி போட்டுத் தேச்சேன்" என்றார் பொன்ராஜ்.

கருணாகரன் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். "சில ஊர்ல மாடி ஏறச் சோம்பல்பட்டு, வாய்க்கு வந்த நம்பரை எழுதி அனுப்பிடறாங்க."

"சேச்சே, சர்க்கார் காரியத்துல நானா ஒரு நம்பரை இட்டுக்கட்டலாமாய்யா? பாவம்லா."

வேதாந்தத்துக்கு அண்ணாச்சியைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

கருணாகரன் பேனாவைத் திறந்தார். "எப்படி அளக்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"அதுல என்னய்யா இருக்கு? காலைல கடையைத் தொறந்ததும் ஆபீசுக்கு ஒரு போன் போடுவேன். நேத்து தி.நகர்ல எவ்வளவு மழைன்னு கேப்பேன். வேதாந்தம் ஐயா எழுதி வச்ச நம்பரை அங்க உள்ள ரத்னாங்கிற பொண்ணு வாசிக்கும். ஒரு புள்ளி மாத்தாம அப்படியே கார்டுல எழுதிப் போட்டுருவேன்."