வட்டத்துக்குள் முகம் தெரியவில்லை

"காலையிலேருந்து ஆப்ல ஒரே ஆளு கூப்புடுது சார். கூக்கால் கிராமத்துப் பக்கம். ஒவ்வொரு தடவையும் பாதியிலயே கட் ஆகுது" என்றாள் ஆபீசில் அழைப்புகளை எடுக்கும் மேனகா.

மனோஜ்குமாருக்குச் சுள்ளென்று ஏறியது. நாள் பார்த்து இன்றைக்கா! எதிரே கொடைக்கானலின் பெரிய விடுதி முதலாளி சந்தோஷ்குமார் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய காட்டேஜ்களின் கூரை, குழாய், கரன்ட் ரிப்பேர் மொத்தமும் இன்று கைக்கு வந்தாக வேண்டும். அதற்காகத்தான் கான்ட்ராக்டர் மனோஜ்குமார் ஆபீஸ் சுவரில் பெரிய டிவி மாட்டி, தன் புது ஆப்பை அதில் ஓடவிட்டிருந்தான்.

"நம்மகிட்ட போன், சிபாரிசு எதுவும் செல்லாதுங்க சார். ஆப்லதான் புதுசாச் சேரணும். வீடியோவுல வட்டத்துக்குள்ள முகத்தக் காட்டணும், பழுதானதக் காட்டணும். பத்தே நிமிஷத்துல நானே லைன்ல வந்துருவேன். கஸ்டமர்தான் சார் எனக்கு சாமி."

"முதலாளியே பேசுவீங்களா?" சந்தோஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று மனோஜ்குமாருக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

டிவியில் மணி அடித்தது. மறுபடியும் அந்தக் கூக்கால் ஆள்தான்.

"எடு மேனகா. சார் நேர்லயே பாக்கட்டும்."

திரை முழுக்கத் துருப்பிடித்த தகரம். நடுவில் ஓட்டை, அதன் வழியே கொஞ்சம் வானம். 'வட்டத்துக்குள் முகம் தெரியவில்லை' என்று சிவப்பு எழுத்தில் ஆப் புலம்பியது.

"கூரைய வீட்டுல வச்சே காட்டணுங்க" என்றாள் மேனகா.

தகரத்துக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "வீட்டுல சிக்னல் ஏதும்மா? இந்த மேட்டுலதான் கெடைக்குது. காத்துல பிச்சுக்கிட்டு விழுந்த தகரம், அதையே தூக்கிட்டு வந்துட்டோம். வீடு பூரா தண்ணி கெடக்கு. மழ வேற மறுபடி புடிச்சிருச்சு, வெரசா ஆளனுப்புங்க!"

மனோஜ்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "பாத்தீங்களா சார்? நானும் அந்தப் பக்கத்து ஆளுதான், சொல்றேன். எத்தன ஆப் வந்தாலும் இதுக மண்டையில ஏறாது. கூரையக் காட்டச் சொன்னா கூரையையே தூக்கிட்டு வருதுக!"

சந்தோஷ்குமாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மூஞ்சியக் காட்டச் சொல்லு மேனகா. காட்டலேன்னா கேன்சல் பண்ணிட்டு அடுத்த சோலியப் பாரு."

தகரம் மெல்லச் சரிந்தது. அதைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் நனைந்து நின்றாள். வட்டத்துக்குள் முகம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆப் பச்சை டிக் அடித்து, 'வருக அழகம்மாள், எங்கள் புதிய வாடிக்கையாளரே!' என்றது.

மனோஜ்குமாரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. டிவி ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான்.

சந்தோஷ்குமார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க தம்பி. கஸ்டமர் பேசட்டும்."

"ஏலே மனோஜு, நல்லாருக்கியாடா? பெத்தவ போன் போட்டா எடுக்க மாட்டேங்குற. புது ஆளுன்னா ஒடனே பேசுறியாமே... அதான் நானும் புதுசாச் சேந்துட்டேன்."