மிச்சமிருந்த வீடியோ

"யார் நினைச்சாலும் அழிக்க முடியாத மாதிரி பண்ணிக் கொடுத்துடு தம்பி. இந்த வீட்டுல ஒரு ஆளோட கை சும்மா இருக்காது."

சமையலறைக்கும் கேட்கட்டும் என்றுதான் பெரியவர் குரலை உயர்த்தினார். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக், டிஸ்க்கில் எழுதும் சாஃப்ட்வேரை ஏற்றிக்கொண்டே கேட்டான். "யாரைச் சொல்றீங்க?"

"வேற யாரு, என் வீட்டுக்காரியைத்தான். எங்க பொண்ணு போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. அவ சின்ன வயசுல ஆடினது, பேசினது எல்லாம் இதுக்குள்ளதான் இருந்துச்சு. ஒண்ணொண்ணா காணாமப் போச்சு. கேட்டா, 'ஆமா, நான்தான் அழிச்சேன்'னு கல்லு மாதிரி நிக்கறா. மிச்சம் இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"பாஸ்வேர்டு போட்டு வைக்கலாமே ஐயா?"

"போட்டேன். எனக்கு மறந்துபோச்சு, அவளுக்கு ஞாபகம் இருக்கு. இது எந்த ஊர் நியாயம்?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். புது டிஸ்க்கை டிரேயில் வைத்துத் தள்ளினான். திரையில் 'பர்ன்' என்று ஒரு பட்டன் வந்தது.

பெரியவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "பர்ன்னா எரிக்கறதுதானே? அவளை ஒரு தடவை எரிச்சது போதாதா தம்பி?"

மவுஸில் இருந்த விரல் அப்படியே நின்றது. "எழுதறதுன்னு வச்சுக்குங்க ஐயா. ஒரு தடவை எழுதினா எழுதினதுதான். கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சாலும் இது அழியாது."

"அப்ப எழுது."

அவசரப்பட்டால் டிஸ்க் வீணாகிவிடும். வேகத்தைக் குறைத்து வைத்தான். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிவரை போய்ச் சேர்ந்தது. போட்டுப் பார்த்தான். முன்பல் விழுந்த ஒரு சிறுமி, தப்புத் தப்பாக எண்ணிக்கொண்டே கயிறு தாண்டினாள். பெரியவரும் அவளோடு சேர்ந்து, அதே தப்போடு, உதட்டுக்குள் எண்ணினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"டீ குடிக்கறியா தம்பி?"

அவன் ஏற்கெனவே குடித்த டீயின் காலி டம்ளர் மேசையில்தான் இருந்தது. அந்த நிலையிலும் உபசரிக்கிறாரே என்று மெக்கானிக்குக் கஷ்டமாக இருந்தது. டிஸ்க்கை உறையில் போட்டு அவர் சட்டைப் பையில் செருகினான். "பத்திரம் ஐயா. அம்மா கையில மட்டும் கொடுத்துடாதீங்க."

வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்ப்பா, இனிமே அதை அழிக்கவே முடியாதுல்ல?"

அவனுக்குச் சுருக்கென்றது. வாடிக்கையாளர் வீடு, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"உங்களால முடியாதும்மா. பெத்த பொண்ணு வீடியோவை அழிக்க எப்படித்தான் மனசு வருதோ. அவரு முகத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் அவள். கோபமே இல்லை.

உள்ளேயிருந்து பெரியவரின் குரல் வந்தது. "ஏம்மா, இங்க வந்து பாரேன். யார் வீட்டுப் பொண்ணோ நம்ம கம்ப்யூட்டர்ல கயிறு தாண்டிக்கிட்டு இருக்கு. இடத்தை அடைக்குது, அழிச்சிடறேன்."

"சரிங்க, அழிச்சிடுங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகு மெக்கானிக்கிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஞாபகம் திரும்பினதும் தேடுவார்ப்பா. தன் கையாலயே அழிச்சோம்னு தெரிஞ்சா தாங்கமாட்டார். எப்பவும் போல, நான்தான்னு சொல்லிக்கறேன்."